சமமான இடம்

முறிந்த பலகையோடு பொத்துவிலில் பஸ் ஏறினேன்.
பலகை என்றால் மரமல்ல, நுரை.
வயிற்றோடு அணைத்துப் படுத்தால்
அலை கரைவரை கொண்டுவந்து விடும்.
கொண்டக்டர் அதற்கும் அரை டிக்கட் கிழித்தார்.
வெல்லவாயாவில் மாறும்போது ஒருத்தர் கேட்டார்:
"என்ன தங்கச்சி, கதவா?"

விடுதியின் பின்பக்கக் குப்பைப் பீப்பாவில்
தலைகீழாய்க் கிடந்தது.
இனி உதவாது என்றார் முதலாளி.
ஐந்து மாதம் அவருடைய கட்டில் விரிப்புகளைத் துவைத்தவள்.
எது உதவும், எது உதவாது என்று
நீலம் போட்ட கைக்குத் தெரியாதா?

வீட்டுக்கு வந்ததும் உப்புப் போகக் கழுவ வேண்டும்.
பீலிக்கரையில், குடங்களின் வரிசையில்,
அதுவும் தன் முறைக்கு நின்றது.
வெடிப்பை அமுக்கினேன்.
உள்ளேயிருந்து சொட்டுச் சொட்டாய்
கடல் வந்தது.
பக்கத்துக் காம்பரா லூர்துமேரி
நாக்கில் வைத்துப் பார்த்தாள்.
"உப்பு கூடிப்போச்சு" என்றாள்,
என் குழம்புக்குச் சொல்லும் அதே குரலில்.

பிறகு காய வேண்டும். வெயில் ஆகாது,
அடித்தோல் கழன்று உப்பிவிடும்.
அப்புத்தளையில் அந்தக் கவலை இல்லை.
காலையில் பனி, மத்தியானம் மழை,
பின்னேரம் திரும்பவும் பனி.
அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிடச் சொன்னார்கள்.
சூட்டில் சுருங்கும் என்றேன்.
பழைய துண்டைச் சுற்றி, அமுக்கி, பிழிந்து, மாற்றி
பத்தொன்பது நாள்.
படங்கை அவிழ்க்கும்போதே அம்மா கேட்பாள்:
"எப்படி இருக்கு உன் நோயாளிக்கு?"

ஸ்டேஷன் ரோட்டுச் சப்பாத்துக் கடையில்
பசை வாங்கினேன், பழைய பால்மாப் பேணியில் கால்வாசி.
இரண்டு பக்கமும் பூச வேண்டும்.
பூசிய கையோடு சேர்க்கக் கூடாது.
பத்து நிமிடம் தனித்தனியாய்க் கிடந்து
இரண்டும் கொஞ்சம் உலர வேண்டும்.
(அக்காவின் கலியாணத்துக்கு முந்தி
யாராவது இதைச் சொல்லியிருக்கலாம்.)

பிய்ந்துபோன மூலைக்கு
தம்பியின் ரப்பர் செருப்பை வெட்டி வைத்தேன்.
நீலத்தில் சிவப்புத் தழும்பு.
சுருக்கங்களின் மேல் கேக் தாள் விரித்து
அயன் பெட்டியை மூச்சுப் பிடித்து ஓட்டினேன்.
தம்பி செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.

கடைசி வேலைதான் லேசென்று நினைத்தேன்:
சமமான இடத்தில் கிடத்தி, பாரம் ஏற்றி, ஓர் இரவு.

காம்பராத் தரை வாசல்பக்கம் சரிகிறது.
இஸ்தோப்பு கானைப் பார்த்துச் சரிகிறது.
ஒரு முட்டையை வைத்துப் பார்த்தேன், கானுக்குள் போனது.
கட்டிலின் நாலு காலில் மூன்றுக்குக் கீழே கல்.
ரோட்டும் கோயிலும் மடுவமும்
எங்கேயோ இறங்கிக்கொண்டேதான் இருக்கின்றன.
இருபத்து நாலு வருசம்
இந்தச் சரிவில் நிமிர்ந்து நடந்திருக்கிறேன்,
இப்போதுதான் எனக்கே தெரிகிறது.

தோட்டத்தில் தட்டையாய் இருப்பது ஒன்றே ஒன்று,
ஸ்டோரில் கொழுந்து வாட்டும் மாடி.
நைட் ஷிப்ட் யோகநாதன்
பலகையைச் சாக்கில் சுற்றி உள்ளே கடத்தினான்.
கொழுந்துக்குப் பக்கத்தில், இளஞ்சூட்டுக் காற்றில்,
இரண்டு உர மூட்டைக்குக் கீழே
ஓர் இரவு.
விடியமுன் திரும்பி வந்தது.
ஒட்டு நன்றாகப் பிடித்திருந்தது.
பலகை முழுக்கப் பச்சைத்தேயிலை வாசம்.
சவர்க்காரத்துக்கும் போகவில்லை.

இனி சுவரில் சாத்தக் கூடாது, முதுகு வளைந்துவிடும்.
மெத்தைக்குக் கீழே போட்டுப் படுக்கிறேன்.
எனக்குத்தான் முதுகு நிமிர்ந்திருக்கிறது.

தை மாதத்தில் ஒருநாள் பனி விலகியது.
மலை இடுக்கில், எங்கேயோ கீழே,
நூல் பிடித்த மாதிரி ஒரு வெள்ளைக் கோடு.
மேகம் என்றாள் லூர்துமேரி.
ஓடிப்போய்ப் பலகையை உருவி வந்து
ஒற்றைக் கண்ணை மூடி
அதன் விளிம்பைக் கடலோடு பிடித்துப் பார்த்தேன்.

தழும்புப் பக்கம்
ஒரு நெல்லளவு தூக்கி நிற்கிறது.
சித்திரையில் சீசன்.
இன்னும் கால் பேணி பசை வேண்டும்.